நூற்றுக்கு என்றால் எந்த நூறு?

தேனி மாவட்டத்தில் நாளிதழைக் கையில் எடுக்கும் பலர், தலைப்புச் செய்திக்கு முன்னால் உள்பக்கத்தில் ஒரு சிறு கட்டத்தைத்தான் தேடுவார்கள். முல்லைப் பெரியாறு அணை இத்தனை அடி, நீர்வரத்து இத்தனை கன அடி, வெளியேற்றம் இத்தனை, வைகை அணை இத்தனை அடி. வாழ்நாளில் ஒரு கதையோ கவிதையோ வாசித்திராத மனிதர்கூட இந்த நான்கு எண்களை வாசித்துவிட்டு, இரண்டாம் போகம் தேறுமா தேறாதா என்று அரைமணி நேரம் பேசுவார். எங்கள் பள்ளத்தாக்கில் எண்களுக்கு அப்படியொரு வாசகர் கூட்டம் உண்டு.

இந்த வீடுகளிலிருந்து கல்லூரிக்கு வரும் பிள்ளைகள், அதே எண்களை ஆங்கிலத்தில் சொல்ல நேரும்போது தடுமாறுகிறார்கள். நேர்முகத் தேர்வுக்குத் தயாராகும் மாணவர்கள் என்னிடமும் வருவதுண்டு. தமிழ் இலக்கியம் கற்பிக்கும் எனக்கு ஆங்கில எண்களோடு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். அவர்கள் செய்யும் பிழைகளில் பெரும்பாலானவை ஆங்கிலம் தெரியாததால் வருபவை அல்ல, தமிழ் தெரிந்திருப்பதால் வருபவை என்பது என் அனுபவம். தமிழின் நிழல் எங்கே விழுகிறது என்று காட்டுவதற்குத் தமிழாசிரியர்தான் வேண்டும். வேறொரு காரணமும் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

எளிய பிழையிலிருந்து தொடங்குவோம். 'பன்னிரண்டாம் வகுப்பில் எத்தனை?' என்று கேட்டால் எங்கள் மாணவர் 'எய்ட்டி பெர்சன்டேஜ்' என்பார். எண்ணுக்குப் பின்னால் 'பெர்சன்ட்' வர வேண்டும். எண் இல்லாத இடத்தில்தான் 'பெர்சன்டேஜ்'. கேள்வியில் 'வாட் பெர்சன்டேஜ்', விடையில் 'எய்ட்டி பெர்சன்ட்'. தமிழிலோ கேள்விக்கும் விடைக்கும் ஒரே சொல்தான். 'எத்தனை சதவீதம்?' 'எண்பது சதவீதம்.' ஒரு சொல்லை வைத்து இரண்டு வேலையையும் முடித்துக்கொண்ட மொழியிலிருந்து வருகிறவர், ஆங்கிலத்திலும் அதையே எதிர்பார்ப்பது இயல்பே.

அடுத்துப் பயனிலை. ஆங்கிலத்தில் சதவீதத்தை எழுவாயாக வைத்தால் வினை ஒருமையா பன்மையா என்று குழம்புவார்கள். 'ஆஃப்' என்பதற்குப் பின்னால் வரும் பெயரைப் பார்த்தால் போதும். நீரில் எண்பது சதவீதம் என்றால் ஒருமை, உழவர்களில் எண்பது சதவீதம் என்றால் பன்மை. இதைச் சொல்லும்போது நான் தமிழ் எடுத்துக்காட்டு ஒன்றையும் சேர்ப்பேன். 'நீரில் எண்பது விழுக்காடு வந்தது' என்போம். 'உழவர்களில் எண்பது விழுக்காட்டினர் வந்தனர்' என்போம். எதன் விழுக்காடு என்பதைப் பொறுத்து வினை மாறும் என்பது நமக்கு முன்பே தெரிந்த இலக்கணம்தான்.

பின்னங்களில் சிக்கல் சற்றுக் கூடுதல். வைகை அணையின் நீர்மட்டம் 66 அடியைத் தொட்டால் கரையோர மக்களுக்கு முதல் வெள்ள எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது, 71 அடியில் அணை நிறைந்ததாகக் கணக்கு. நடுவில் இருக்கும் எண்ணை எங்கள் ஊரில் 'அறுபத்தெட்டரை' என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள். அரை, கால், முக்கால் ஆகியவை தமிழில் எண்ணோடு ஒட்டிக்கொள்ளும். ஒன்றரை, இரண்டேகால், மூன்றேமுக்கால். அந்த ஒட்டலை அப்படியே மாற்றும்போது 'சிக்ஸ்ட்டி எய்ட் அண்ட் ஹாஃப்' என்று வருகிறது. ஆங்கிலத்தில் அரையும் தனக்கென்று ஓர் 'எ' கேட்கும். 'சிக்ஸ்ட்டி எய்ட் அண்ட் எ ஹாஃப்' என்பதே சரி.

புள்ளிக்குப் பின்னால் உள்ள இலக்கங்களைச் சேர்த்து வாசிப்பது இதைவிடக் கெடுதலானது. 130.25 என்பதைப் 'பாயிண்ட் ட்வென்ட்டி ஃபைவ்' என்றும் 130.5 என்பதைப் 'பாயிண்ட் ஃபைவ்' என்றும் வாசிக்கிறார்கள். காதுக்கு இருபத்தைந்து பெரிது, ஐந்து சிறிது. கால் அடி அரை அடியை வென்றுவிடுகிறது! புள்ளிக்குப் பின் ஒவ்வோர் இலக்கமாக, 'பாயிண்ட் டூ ஃபைவ்' என்று சொல்ல வேண்டும் என்னும் விதி வெறும் மரபுக்காக ஏற்பட்டதன்று. கேட்பவர் ஏமாறக் கூடாது என்பதற்காக ஏற்பட்டது.

தமிழ் கைகொடுக்கும் இடங்களும் உண்டு. நூறு என்றால் எண் முடிந்தது. 'நூற்று' என்றால் இன்னும் வருகிறது, காத்திரு என்று பொருள். கம்பம் பள்ளத்தாக்கில் இருபோகம் விளையும் நிலம் 14,707 ஏக்கர். பதினாலாயிரத்து எழுநூற்றேழு என்று சொல்லிப் பாருங்கள். ஆயிரம் 'ஆயிரத்து' ஆகிறது, நூறு 'நூற்று' ஆகிறது, ஒவ்வொரு படியிலும் மொழி நமக்குக் கைகாட்டிவிட்டுத்தான் நகர்கிறது. பிரிட்டிஷ் ஆங்கிலம் இதே வேலைக்கு நூறுக்குப் பின்னால் ஓர் 'அண்ட்' வைக்கும். அமெரிக்கர் அதையும் விட்டுவிடுவர். அதுபோல், 'பத்து இலட்சங்கள்' என்று தமிழில் யாரும் பேசுவதில்லை. ஆங்கிலத்திலும் 'டென் லேக்' என்பதே நல்ல வழக்கு. இந்த இடத்தில் மாணவர் தம் தாய்மொழியை நம்பினாலே போதும், வலிந்து ஒரு 'ஸ்' சேர்க்க வேண்டியதில்லை.

இலட்சமும் கோடியும் இந்தியாவைத் தாண்டினால் பலருக்குப் புரிவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பத்து இலட்சம் ஒரு மில்லியன், நூறு கோடி ஒரு பில்லியன். காற்புள்ளி விழும் இடமும் வேறு. அணைகளைப் பற்றிப் பேசும் நாம் நாள்தோறும் சொல்லும் டி.எம்.சி. என்பதன் விரிவு 'ஆயிரம் மில்லியன் கன அடி'. சுருக்கமாகப் பில்லியன் என்றே சொல்லியிருக்கலாமே என்று தோன்றும். பழைய பிரிட்டிஷ் வழக்கில் பில்லியன் என்றால் மில்லியன் மில்லியன், அதாவது ஒரு இலட்சம் கோடி. பிரிட்டன் அரசு தன் புள்ளிவிவரங்களில் அந்தப் பொருளைக் கைவிட்டது 1974இல்தான். குழப்பத்துக்கு இடம் கொடாத 'ஆயிரம் மில்லியன்' நம் நீர்வளத் துறையின் பேச்சில் இன்னும் உயிரோடு இருக்கிறது. நூறு கோடி கன அடி என்று அதை நம் பிள்ளைகளுக்கு விளக்கினால் உடனே பிடித்துக்கொள்கிறார்கள்.

இவையெல்லாம் திருத்தக்கூடிய பிழைகள். ஒரு வார வகுப்பில் சரியாகிவிடும். என் கவலை வேறொன்று. சொற்கள் எல்லாம் சரியாக இருந்தும் எண் தவறாகப் போய்ச் சேரும் இடங்கள் உண்டு.

எங்கள் பகுதியில், தமிழ்நாட்டின் பிற பகுதிகளில் போலவே, 'மூன்று வட்டி' என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் மூன்று ரூபாய். மாதம் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் அது தெரிந்ததுதான். என் மாணவி ஒருத்தி தன் தாயாருக்காக வங்கிக் கடன் விண்ணப்பத்தை ஆங்கிலத்தில் நிரப்பினாள். ஏற்கெனவே உள்ள கடன் என்னும் இடத்தில், வெளியில் வாங்கிய முப்பதாயிரத்தைக் குறிப்பிட்டு, வட்டி 'த்ரீ பெர்சன்ட்' என்று எழுதினாள். இலக்கணப்படி ஒரு குறையும் இல்லை. அதிகாரி படித்துவிட்டு, 'மூன்று சதவீதத்துக்குக் கடன் கிடைக்கும்போது எங்களிடம் எதற்கம்மா வருகிறீர்கள்?' என்று கேட்டாராம். அவருடைய ஆங்கிலத்தில் வட்டி என்றால் ஆண்டுக் கணக்கு. அவளுடைய தமிழில் மாதக் கணக்கு. அந்தத் தாய் மாதம் தொள்ளாயிரமாக, ஆண்டுக்கு 10,800 ரூபாய் வட்டி கட்டிக்கொண்டிருந்தார். அதாவது முப்பத்தாறு சதவீதம். 'மாதத்துக்கு' என்னும் ஒற்றைச் சொல்லை அவள் சேர்த்த பிறகுதான் அதிகாரிக்கு அந்தக் குடும்பத்தின் நிலை விளங்கியது. கொடுவட்டி வாங்குவதைத் தடைசெய்யத் தமிழ்நாட்டில் 2003இல் சட்டமே வந்தது. ஆனால் கொடுவட்டியைச் சாதுவான வட்டியாகக் காட்டுவதற்கு ஒரு மொழிபெயர்ப்பு போதுமாயிருக்கிறது.

இன்னொன்று ஏலக்காய். போடிநாயக்கனூர் ஏலக்காய்ச் சந்தை உலகறிந்தது. மலைத்தோட்டங்களில் பறிக்கும் பச்சைக்காயில் சுமார் எண்பது சதவீதம் ஈரம். ஸ்டோரில் உலர்த்தி அதைப் பத்து, பன்னிரண்டு சதவீதத்துக்குக் கொண்டுவருவார்கள். நூறு கிலோ பச்சைக்காயின் ஈரத்தை எண்பதிலிருந்து பத்துக்கு இறக்கினால் எத்தனை கிலோ மிஞ்சும் என்று வகுப்பில் கேட்டேன். எழுபது போய்விட்டது, முப்பது மிஞ்சும் என்றார்கள் பலர். தோட்டத் தொழிலாளி ஒருவரின் மகன் மட்டும், 'ஐந்து கிலோவுக்கு ஒரு கிலோதான் ஐயா வரும், கொஞ்சம் கூடலாம்' என்றான். அவன் சொன்னதுதான் சரி. நூறு கிலோவில் ஈரமில்லாத பகுதி இருபது கிலோ. உலர்ந்த பின்னும் அந்த இருபது மாறாது. இப்போது அது மொத்தத்தில் தொண்ணூறு சதவீதமாக இருக்க வேண்டும் என்றால் மொத்த எடை இருபத்திரண்டு கிலோவுக்குச் சற்றுமேல். முதலில் சொன்ன எண்பது, பச்சைக்காயின் நூற்றில் எண்பது. பின்னர் சொன்ன பத்து, உலர்ந்த காயின் நூற்றில் பத்து. இரண்டும் வெவ்வேறு நூறுகள், ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்க முடியாது.

அதே ஏலக்காயில் ஈரம் பத்திலிருந்து பன்னிரண்டாக ஏறினால் எப்படிச் சொல்வது? 'இரண்டு சதவீதம் ஏறியது' என்போம். வெளிநாட்டில் இருக்கும் கொள்முதல்காரர் இதை ஆங்கிலத்தில் கேட்டால், பத்தில் இரண்டு சதவீதம் கூடிப் பத்து புள்ளி இரண்டு ஆயிற்று என்று எடுத்துக்கொள்ளலாம். நாம் சொல்ல நினைத்தது 'டூ பெர்சன்டேஜ் பாயிண்ட்ஸ்'. சதவீதக் கணக்கிலேயே சொல்வதானால் இருபது சதவீத ஏற்றம். இரண்டா, இருபதா, புள்ளி இரண்டா என்பதில்தான் ஒரு சரக்கு ஏற்கப்படுவதும் திருப்பி அனுப்பப்படுவதும் இருக்கிறது.

இப்போது முன்னால் சொல்லாமல் விட்ட காரணத்துக்கு வருகிறேன். எங்கள் பள்ளத்தாக்கின் தலையெழுத்து முழுவதும் ஆங்கிலத்தில், எண்களாக எழுதப்பட்டது. 1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூர் மன்னருக்கும் பிரிட்டிஷ் இந்திய அரசுக்கும் இடையே குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. காலம் 999 ஆண்டுகள். தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது. (தொண்ணூறுக்குள் ஒரு நூறும் தொள்ளாயிரத்துக்குள் ஓர் ஆயிரமும் ஒளிந்திருக்கும் இந்தப் புணர்ச்சிக்குத் தொல்காப்பியரே விதி சொல்ல வேண்டியிருந்தது.) நீர் தேங்கும் பரப்பு 8,000 ஏக்கர், ஏக்கருக்கு ஆண்டு வாடகை ஐந்து ரூபாய், ஆக 40,000 ரூபாய். பென்னிகுயிக்கின் அணை 1895இல் முடிந்தது. 1970இல் இரு மாநிலங்களும் செய்துகொண்ட துணை ஒப்பந்தத்தில் வாடகை ஏக்கருக்கு முப்பது ரூபாயாயிற்று. ஐந்து முப்பதானால் ஆறு மடங்கு. எத்தனை சதவீத உயர்வு? அறுநூறு என்று சட்டென்று சொல்லிவிடுவோம். உயர்ந்தது இருபத்தைந்து ரூபாய், அது ஐந்தின் ஐந்து மடங்கு, ஆகவே ஐந்நூறு சதவீதம். 'ஆறு மடங்காயிற்று', 'ஐந்நூறு சதவீதம் உயர்ந்தது' ஆகிய இரண்டும் ஒரே செய்தி. மடங்கு முழுவதையும் எண்ணுகிறது, உயர்வு கூடியதை மட்டும் எண்ணுகிறது.

அணையின் முழுக் கொள்ளளவுக்குரிய மட்டம் 152 அடி. பாதுகாப்பு பற்றிய அச்சம் எழுந்தபின் 1979இல் அதை 136 அடியாக இறக்கினார்கள். 2006 பிப்ரவரி 27 அன்று உச்ச நீதிமன்றம் 142 அடி வரை தேக்கலாம் என்றது. கேரளம் சட்டத் திருத்தம் கொண்டுவந்து அதைத் தடுத்தது. 2011 டிசம்பரில் கம்பம், கூடலூர்ப் பகுதி மக்கள் ஆயிரக்கணக்கில் குமுளி நோக்கி நடந்தார்கள். 2014 மே 7 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு 142 அடியை உறுதிசெய்தது. அவ்வாண்டு நவம்பரில் நீர் அந்த மட்டத்தைத் தொட்டது.

இத்தனை ஆண்டுப் போராட்டமும் ஆறு அடிக்காக. 136க்கு மேல் ஆறு அடி என்பது 4.4 சதவீதம். வெளியூரில் இருந்து பார்ப்பவர் இந்த எண்ணைக் கேட்டுவிட்டு, 'ஐந்து சதவீதம்கூட இல்லாத ஒன்றுக்கா இவ்வளவு?' என்று வியப்பார். கணக்கு சரி, ஆங்கிலமும் சரி. ஆனால் எந்த நூறு?

அணையில் 104 அடிக்குக் கீழே நிற்கும் நீர் சுரங்கத்தின் வழியே கிழக்கே வராது. கூடலூர் உழவருக்கு அணை தொடங்குவதே 104 அடியில்தான். 136 வரை தேக்கினால் அவருக்கு 32 அடி. 142 வரை தேக்கினால் 38 அடி. அவருடைய நூற்றில் இந்த ஆறு அடி ஏறக்குறைய பத்தொன்பது சதவீதம். அணைக்கட்டின் உட்பரப்பு மேலே போகப் போக விரிவது, ஆகவே மேலே நிற்கும் ஓரடி கீழே நிற்கும் ஓரடியைவிடக் கூடுதல் நீர். நீரின் அளவாகப் பார்த்தால் அந்தப் பத்தொன்பதும் குறைவுதான்.

மறுபக்கமும் பார்க்க வேண்டும். அணைக்குக் கீழே பெரியாற்றங்கரையில் படுத்துறங்கும் மனிதரின் கணக்கு வேறு. சுவரைத் தள்ளும் நீரின் மொத்த விசை உயரத்துக்கு நேர்விகிதத்தில் ஏறுவதில்லை, உயரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். மட்ட எண்களையே நீரின் ஆழமாகக் கொண்டால், 136 அடி 142 ஆகும்போது விசை ஏறக்குறைய ஒன்பது சதவீதம் கூடும். அவருடைய நூற்றில் இது நான்கு அன்று, ஒன்பது. அணை அந்த ஒன்பதைத் தாங்குமா என்பதைப் பொறியியலாளர்கள் ஆராய்ந்தார்கள், நீதிமன்றம் கேட்டுத் தீர்ப்புச் சொன்னது. நான் சொல்ல வந்தது அதற்கு முந்தைய செய்தி. 4.4 சதவீதம் என்பது நீருக்கு ஏங்குபவருக்கும் பொருந்தவில்லை, நீருக்கு அஞ்சுபவருக்கும் பொருந்தவில்லை. இரு கரையிலும் யாருக்கும் சொந்தமில்லாத ஓர் எண் அது. ஆயினும் கேட்க எளிது, எழுத எளிது, தலைப்பில் போட எளிது.

நம் முன்னோர் பின்னங்களுக்குப் பெயர் வைத்திருந்தார்கள். இருபதில் ஒன்று மா. எண்பதில் ஒன்று காணி. இரண்டும் சேர்ந்த மாகாணி பதினாறில் ஒன்று. இன்றைய கணக்கில் மா ஐந்து சதவீதம், காணி ஒன்றேகால், மாகாணி ஆறேகால். அந்தப் பெயர்கள் வழக்கிழந்தன, அதில் வருந்திப் பயனில்லை. எதையும் எதனோடும் ஒப்பிட வசதியாக நூறு வந்தது, வரவேண்டியதுதான். ஆனால் ஒரு வேலி நிலத்தில் ஒரு மா என்றபோது அந்த வேலி கண்முன்னால் இருந்தது. நூறு எங்கும் இருப்பதில்லை. அதை ஒவ்வொரு முறையும் நாம்தான் காட்ட வேண்டும்.

விழுக்காடு என்னும் சொல்லில் 'விழு' என்னும் வினை இருக்கிறது. பங்கில் வந்து விழுவது என்னும் எண்ணம் அதன் அடியில் கிடக்கிறது. எவர் பங்கில், எதிலிருந்து என்று அந்தச் சொல்லே கேட்பதாக எனக்குத் தோன்றும். ஆங்கிலத்தில் அந்தக் கேள்விக்கு விடை 'ஆஃப்' என்னும் ஈரெழுத்துச் சொல்லில் இருக்கிறது. தமிழில் 'இல்' என்னும் உருபில். உயரத்தில், நீரில், ஆண்டு வட்டியில், பச்சைக்காயில்.

ஆகவே என்னிடம் வரும் மாணவர்களுக்கு நான் விதிப்பது ஒன்றே. உச்சரிப்பு மெல்ல வரும், அதற்காக வெட்கப்பட வேண்டாம். ஆனால் 'ஆஃப்' இல்லாமல் ஒரு சதவீதத்தையும் ஆங்கிலத்தில் எழுதாதீர்கள், 'இல்' இல்லாமல் தமிழில் எழுதாதீர்கள், பிறர் அப்படி எழுதியிருந்தால் எதில் என்று கேட்காமல் நகராதீர்கள். கேட்டால் சில நேரம் எதிரில் இருப்பவர் எரிச்சலடைவார். பரவாயில்லை. அந்த வங்கி மேசையில் ஒருவர் கேட்டதால்தான் அந்தத் தாயின் முப்பத்தாறு சதவீதம் வெளியே வந்தது.